எஃப்இடி (ஆள் மேல் சேரும் தாக்கத்தின் அளவு, 1.0 ஆனால் செயலிழப்பு) கணக்கு: விஷவாயு 0.00, வெப்பம் 12 வினாடியில் 1.0. எங்கே பிசகு?

கேள்வி:
எஃப்டிஎஸ்ஸில் (தீயும் புகையும் பரவுவதைக் கணிக்கும் மென்பொருள்) மண்டபத் தீ, எரிவது பாலியூரித்தேன் நுரை சோபா. ஆட்கள் வெளியேறுவது பாத்ஃபைண்டரில் (ஆட்களின் நடமாட்டத்தைக் கணிக்கும் மென்பொருள்). புகை கண்ணை மறைக்கும் அளவுக்கு வந்தும் எல்லோருடைய விஷவாயு எஃப்இடியும் 0.00தான். வெப்ப எஃப்இடியைத் தனியாகப் பைத்தான் நிரலில் போடுகிறேன்: நிமிடத்தில் தாங்கும் நேரம் = 5 × 10⁷ ÷ வெப்பநிலை^3.4. தீ பிடிக்குமுன்பே, அறை 20 டிகிரியில் இருக்கும்போதே, 12 வினாடியில் 1.0 ஆகிவிடுகிறது.

பதில் 1:
அந்த 12 வினாடியே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. 293ஐ அந்தச் சூத்திரத்தில் போட்டால் 0.205 நிமிடம், அதாவது 12 வினாடி. 20ஐக் கெல்வினாக்க எங்கோ 273 கூட்டியிருக்கிறீர்கள். எஃப்டிஎஸ் செல்சியஸில்தான் எழுதுகிறது, சூத்திரமும் செல்சியஸுக்குத்தான். சரிபார்க்க: 100 டிகிரிக்கு ஏறத்தாழ 8 நிமிடம் வர வேண்டும். இது மெல்லிய உடைக்கு. முழு உடைக்கு 4.1 × 10⁸ ÷ வெப்பநிலை^3.61; அதே 100 டிகிரிக்கு 25 நிமிடம் கிட்ட வரும். கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு 2.5 கிலோவாட்டைத் தாண்டினால் அதையும் இந்த வெப்பக் கணக்கிலேயே சேருங்கள்.

பதில் 2:
0.00க்கு முதல் சந்தேகம் ரியாக் வரி, எஃப்டிஎஸ் உள்ளீட்டில் எரிதலைச் சொல்லும் வரி. சிஓ யீல்டு (ஒரு கிலோ எரிந்தால் எத்தனை கிலோ கார்பன் மோனாக்சைடு பிறக்கும் என்ற எண்) நீங்கள் கொடுக்காவிட்டால் சுழியம்தான், தீ எவ்வளவு பெரிதானாலும் சிஓ பிறக்காது. காற்று தாராளமாக இருந்தால் இந்த நுரைக்கு 0.01 முதல் 0.04 வரை போடலாம். கதவடைத்த அறையில் அது பத்தாது, 0.2 வரை போகும். ஒற்றைப்படி எரிதலில் (எரிதலை ஒரே வினையாகக் கணக்கிடும் முறை) இந்த எண் தானாக மாறாது, ஆகவே இரண்டையும் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து பிளாட்3டி, எஃப்டிஎஸ் எழுதி பாத்ஃபைண்டர் படிக்கும் தரவுக் கோப்பு. அதன் இயல்பான ஐந்து அளவுகளில் வாயு எதுவும் இல்லை. சிஓ, சிஓ2 (கார்பன் டைஆக்சைடு), ஆக்சிஜன் மூன்றின் கன அளவுப் பங்கான வால்யூம் ஃபிராக்‌ஷனையும் நீங்களே கேட்டு வாங்க வேண்டும், இடைவெளி 1 அல்லது 2 வினாடி. எடைப் பங்கான மாஸ் ஃபிராக்‌ஷன் எடுத்தால் சிஓ2 ஒன்றரை மடங்கு கூடிக் காட்டும். அது மூச்சு வேகப் பெருக்கியில் (சிஓ2 மூச்சை வேகப்படுத்தி விஷவாயுவைக் கூடுதலாக இழுக்க வைப்பதற்கான பெருக்கி) அடுக்குக்குறியில் போய் உட்காருகிறது.

கையால் சரிபார்க்க: சிஓ 1200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1200 பங்கு) என்றால் எஃப்இடி நிமிடத்துக்கு 2.764 × 10⁻⁵ × 1200^1.036 = 0.043. சிஓ2 4 சதவீதம் என்றால் பெருக்கி 2.23. ஆக நிமிடத்துக்கு 0.095, பத்தரை நிமிடத்தில் 1.0. பின்னத்தை பிபிஎம் ஆக்க 10⁶ ஆல் பெருக்க மறந்தாலும் திரையில் 0.00தான்.

பதில் 1:
இன்னொன்று. இந்த நுரை எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும் வரும், பாத்ஃபைண்டர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பைத்தானில் சேருங்கள்: நிமிடத்துக்கு இ^(பிபிஎம் ÷ 43) ÷ 220 − 0.0045 (இ = 2.718). 100 பிபிஎம்மில் 24 நிமிடம் தாங்குகிறவர் 200இல் 2 நிமிடம்தான். அதனால் சராசரி எடுத்துப் போடவே கூடாது, ஒவ்வொரு இடைவெளிக்கும், ஆள் அப்போது நிற்கும் இடத்துக்கும் போடுங்கள். சிஓவுடன் கூட்டியதை அதே மூச்சுப் பெருக்கியால் பெருக்குங்கள்.

கேட்டவர்:
273ஐ எடுத்ததும் வெப்பம் சரி. சிஓ யீல்டு காலியாகத்தான் இருந்தது, இப்போது எண் வருகிறது. விஷவாயுவையும் வெப்பத்தையும் கூட்டி 1.0 பார்க்கலாமா?

பதில் 2:
கூட்டாதீர்கள். இரண்டும் தனிக் கணக்கு, எது முதலில் தொடுகிறதோ அதுவே அந்த ஆளின் நேரம். வடிவமைப்புக்கு 1.0 வேண்டாம், அது பாதிப் பேர் செயலிழக்கும் அளவு. 0.3 வைத்தாலும் மொத்த மக்களில் சுமார் 11 சதவீதம் விழுவார்கள். முதியோர், குழந்தைகள் வரும் மண்டபம் என்றால் அதற்கும் கீழே இறங்குங்கள்.