அறிக்கையில் எங்கள் குளத்துக்கு இரண்டு துருசு (மதகு)! ஆலோசகரை அமர்த்தின கணக்கை யாரிடம் கேட்பது?

குளத்தடியான்:
வணக்கம். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சின்னக் குளத்தின் கமக்காரர் அமைப்புக்கு நான் செயலாளர். குளத்தைத் திருத்த முன்னம் ஓர் ஆய்வு வேண்டுமென்று ஒரு திணைக்களம் வெளியிலிருந்து ஆலோசகர் ஒருவரை அமர்த்தியது. போன மார்கழியில், மழை விட்டிருந்த ஒரு நாள் வந்தார். மருதமரத்தடியில் கதிரை போட்டுக் கொடுத்தோம். ஐந்து பேரிடம் கதைத்தார், பிளேன்ரீ குடித்தார். துருசடிக்கு இறங்கவில்லை, சப்பாத்து நல்ல வெள்ளை. இப்போது அறிக்கையின் பிரதி கைக்கு வந்திருக்கிறது. எங்களுக்கு இருப்பது ஒரு துருசு, அறிக்கையில் இரண்டு. வலதுகரையில் வெங்காயம் செய்கிறோமாம்! நெல்லும் கொஞ்சம் உழுந்தும் தவிர இங்கே வேறொன்றும் இல்லை. இந்த மனிசனை எப்படித் தெரிந்தெடுத்தார்கள், என்ன கணக்கில் காசு கொடுத்தார்கள் என்று நாங்கள் கேட்கலாமா?

பழைய கிளாக்கர்:
தம்பி, தாராளமாகக் கேட்கலாம். ஆனால் ‘ஏன் பிழையாக எழுதினார்’ என்று கேட்டால் பதில் வராது, கடதாசியைக் கேளுங்கள். ஆலோசகரை எடுக்க முன்னமே என்ன வேலை, எத்தனை நாள், எதை ஒப்படைக்க வேண்டும் என்று எழுதி வைப்பார்கள். கந்தோரில் அதை டி.ஓ.ஆர். என்போம். கட்டட வேலை போல விலை குறைந்தவருக்கே கொடுப்பது இங்கே வழக்கமில்லை. தகைமைக்கும் வேலைத்திட்டத்துக்கும் ஒரு புள்ளி, விலைக்கு வேறு புள்ளி. முதற் புள்ளி போட்டு முடியும்வரை விலை உறையைத் திறக்கக் கூடாது. ஆகவே புள்ளித்தாளும் ஃபைலில் இருக்க வேண்டும்.

காசு இப்படியான வேலைக்கு அனேகமாகத் தவணையாகத்தான் போகும்: தொடக்க அறிக்கைக்கு இவ்வளவு, வரைவுக்கு இவ்வளவு, இறுதி அறிக்கைக்கு மிச்சம். ஒவ்வொன்றுக்கும் ‘திருப்தி’ என்று ஓர் அலுவலர் கையெழுத்து வைத்தால்தான் வவுச்சர் நகரும். இருபது வருடம் வவுச்சர் எழுதினவன் சொல்கிறேன், ஆலோசகரை விடுங்கள். இல்லாத துருசுக்குத் திருப்தி என்று கையெழுத்து வைத்தவர் யார்?

கிளிநொச்சியான்:
ஐயா சொன்னதை அப்படியே தகவல் கோரிக்கையாக எழுதுங்கள், தமிழிலேயே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். எதற்கென்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுப்பதா மறுப்பதா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ‘வணிக இரகசியம்’ என்று இழுத்தால் பிரிவு 5(4)ஐக் காட்டுங்கள், பொதுநலன் பெரிதென்றால் கொடுத்தே ஆக வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழு. கடிதம் கொடுத்த அன்றே பற்றுச்சீட்டு வாங்குங்கள், எனக்கு ஒருமுறை ‘கிடைக்கவில்லை’ என்று சொன்னார்கள்.

குளத்தடியான்:
நன்றி ஐயா, நன்றி அண்ணை. டி.ஓ.ஆர்., புள்ளித்தாள், ஒப்பந்தம், திருப்திக் கடிதம் என்று நான்கும் கேட்டு எழுதிவிட்டேன். வெங்காயத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எங்கள் தலைவர் மட்டும் விடுகிறார் இல்லை, ‘காசு கொடுத்தாச்சுத்தானே, அந்த இரண்டாவது துருசையும் கட்டித் தரச் சொல்லி எழுது’ என்கிறார்.