புதுப்பிப்பு: மகளின் எண் பாடமும் ஜிகாம்ப்ரி மென்பொருளும்

டவுன் சிண்ட்ரோம் உள்ள மகளுக்கு வீட்டிலேயே எண்கள் கற்பிக்க ஜிகாம்ப்ரி (GCompris) என்னும் சிறுவர்களுக்கான கல்வி விளையாட்டு மென்பொருளை எப்படி மாற்றியமைக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி பின்னணி இசையை நிறுத்திவிட்டு, கடினநிலையை மிக எளிதான ஒரு நட்சத்திர நிலைக்குள் சுருக்கியதும், கவனத்தைச் சிதறடிக்கும் படங்கள் திரையில் வெகுவாகக் குறைந்தன. இலவசமாகக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள் என்பதால் செலவும் இல்லை. ஆயினும் அதிகம் கைகொடுத்தவை புளியங்கொட்டைகளே: திரையில் மூன்று பொருள்கள் தோன்றினால், விடையை அழுத்தும் முன் மூன்று கொட்டைகளை முட்டை அட்டையின் குழிகளில் ஒவ்வொன்றாக வைத்து, தொட்டு எண்ண வேண்டும் என்று வழக்கப்படுத்தினோம். இப்போது நான்குவரை தடுமாறாமல் எண்ணுகிறாள்; "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் மட்டும் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறாள். இதே மென்பொருளில் பகடைகள் மேலிருந்து விழும் விளையாட்டு அவசரப்படுத்துவதால், அதை இப்போதைக்குத் தொடப்போவதில்லை.