நிரப்புச் சுவரா, அடைசுவரா? வெள்ளிக்குள்ள ஒரு சொல் வேணும்

அன்பர்களுக்கு வணக்கம்,

ஒரு அவசரம். பினாங்கு மாநிலத்துப் பிறை ஊர்ல தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு நிலநடுக்கத்தைப் பத்தி ஒருநாள் வகுப்பு நடக்கப்போகுது, அதுக்கான கையேட்டைத் தமிழ்ல கொண்டுவர்றது என் பொறுப்பு (வரைவை இதோட இணைச்சிருக்கேன்), வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். ஒரே ஒரு சொல்தான் இழுத்துக்கிட்டே இருக்கு. கான்கிரீட் தூணும் பீமும் முதல்ல எழுப்பிட்டு, நடுவுல வர்ற கட்டத்தைச் செங்கல் வச்சு அடைக்கிறாங்களே, அந்த இன்ஃபில் சுவர். ‘நிரப்புச் சுவர்’னு போட்டிருக்கேன். மத்த தளங்களைவிட அதிகமா வளைஞ்சு ஆடுற தளம், அந்த ‘சாஃப்ட் ஸ்டோரி’க்கு ‘மென்தளம்’. சரியா வருமா?

– பிரிக்பீல்ட்ஸிலிருந்து

*

தம்பி, அவசரப்படாதீங்க. ‘நிரப்பு’ங்கிற சொல்லுக்கு வள்ளுவர் காலத்துல பொருளே வேற. நல்குரவு அதிகாரம், 1048ஆம் குறள்: ‘இன்றும் வருவது கொல்லோ நெருநலும் கொன்றது போலும் நிரப்பு’. அங்க நிரப்புன்னா வறுமை. நேத்து வந்து கொன்ன வறுமை இன்னிக்கும் வருமோன்னு ஒரு ஏழை அஞ்சுறான். நிலநடுக்கத்துல ஆள் மேல விழுற சுவருக்கு இந்தப் பேரை வைக்க எனக்கு மனசு வரல.

நிரம்பு, நிரவு, நிரல், நிரை எல்லாம் ஒரே குடும்பம்னு எனக்குப் படுது. ஆநிரை மாட்டு வரிசை, யாப்புல நேர் நிரை, செங்கல்லும் வரிசை வரிசையாத்தானே அடுக்குறோம், அதனால ‘நிரைசுவர்’னு ஒன்னு முன்வைக்கிறேன்.

உங்க சொல்லையே வச்சாலும் நடுவுல வர்ற ‘ச்’ங்கிற ஒற்றைப் பாருங்க. நிரப்பு பெயர்ச்சொல்னா ‘நிரப்புச் சுவர்’, வினைத்தொகைன்னா சுடுசோறு மாதிரி ஒற்று மிகாது. எதுன்னு முடிவு பண்ணிட்டு எழுதுங்க. அப்புறம் வரைவுல ‘கட்டிடம்’னு போட்டிருக்கீங்க, கட்டடம்னு திருத்துங்க, கட்டிடம் கட்டுற இடம்.

– பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

*

ஐயா சொன்ன குறளை மறுக்கல, ஆனா என் கவலை வேற. நான் இருபது வருஷமா கோலாலம்பூர்ல கட்டடப் பொறியாளரா இருக்கேன். நிரப்புன்னு சொன்னாலே ‘சும்மா இடத்தை ரொப்புன சுவர்’னுதான் மனசுல விழும். போன வருஷம் ஒரு கடைவீட்டுல கீழ்த்தளத்தை அகலமாக்குறேன்னு முதலாளி சுத்தியலோட நிக்கிறார். “தூண்தானே தாங்குது, இது சும்மா ரொப்புன சுவர்தானே”ங்கிறார். எடையைப் பொறுத்தவரைக்கும் அவர் சொன்னது சரி, மாடியோட பாரத்தைத் தூணும் பீமும்தான் கீழ இறக்குது. ஆனா தரை பக்கவாட்டுல ஆடும்போது கதையே மாறிடும். தூணும் பீமும் சேர்ந்து சதுரமா நிக்கிற சட்டம் சாய்ஞ்சு கோணப் பாக்கும், அப்ப இந்தச் செங்கல் சுவர் ஒரு மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்கு முட்டுக்கொடுத்து நிக்கும். ஆட்டம் திரும்பினா அடுத்த மூலைவிட்டம். அதனாலதான் நடுக்கத்துக்கு அப்புறம் சுவர்ல பெருக்கல் குறி போட்ட மாதிரி விரிசல் தெரியுது. கணக்குல பலபேர் இந்தச் சுவரை வெறும் எடையா மட்டும் சேர்க்கிறாங்க, ஆனா அது கட்டடத்தோட விறைப்பை, அதாவது வளையாம நிக்கிற தன்மையை, ஏத்திவிட்டு விசையைத் தன் பக்கம் இழுத்துக்கும்.

மேல் மாடி எல்லாத்துலயும் சுவர், கீழ கார் நிறுத்த வெறும் தூண் மட்டும்னா ஆட்டம் முழுக்க அந்தக் கீழ்த்தளத்துலயே குவியும். 2001 ஜனவரி 26 குஜராத் பூஜ் நிலநடுக்கத்துல, மையத்துக்கு 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளியிருந்த அகமதாபாத்துல இப்படிக் கீழ திறந்து விட்ட அடுக்குமாடிகள் இடிஞ்சு விழுந்துச்சு. அதனால என் ஓட்டு ‘அடைசுவர்’. இல்லைன்னா ‘முட்டுச்சுவர்’.

‘மென்தளம்’ வேண்டவே வேண்டாம். அங்க குறையிறது விறைப்பு. வலிமை குறைஞ்ச தளம்னு தனியா இன்னொன்னு இருக்கு, ரெண்டும் ஒன்னாயிடும். விறைப்பு குறைஞ்சா ‘நெகிழ்தளம்’, வலிமை குறைஞ்சா ‘நலிதளம்’னு பிரிச்சு வைங்க.

– செந்தூல்

*

முட்டுச்சுவர்னா எங்க பிள்ளைங்க முட்டுச்சந்துன்னு நினைப்பாங்க சார். மண் சரியாம இருக்கக் கட்டுற சுவருக்கும் சில பேர் அதைச் சொல்றாங்க.

நான் பின்னாடி இதை வச்சு வகுப்பு எடுக்கப்போற ஆள். 2015 ஜூன் 5 சபா மாநிலத்து ரானாவ் நடுக்கத்துல கினபாலு மலையில 18 பேர் இறந்தாங்க, அதுக்கு அப்புறமும் “அது சபா, நமக்கு வராது”ன்னு சொல்ற பெற்றோர்கிட்டதான் பேசப்போறேன். 2004 டிசம்பர் 26 காலையில பினாங்கு பிளாட்ல விளக்கு ஆடுனதைப் பார்த்தவங்க நாங்க, கடல் வந்தது அப்புறம்தான். அவங்களுக்கு நிரைசுவர்னா புரியாது. ‘படிவத்தை நிரப்புக’ன்னு தினமும் பார்க்கிறாங்க, நிரப்புச் சுவர் உடனே ஒட்டும்.

ஒன்னு கேக்குறேன். எங்க பிளாக்ல தூணுக்கு நடுவுல பாதி உயரத்துக்குத்தான் சுவர், மேல முழுக்க ஜன்னல். அதுக்கும் இதே பேரா?

– பினாங்கு, ஆசிரியை

*

அக்கா, நல்ல கேள்வி, கையேட்டுல அது விட்டுப்போச்சு. பாதிச் சுவர் தூணோட கீழ்ப் பாதியை இறுக்கிப் பிடிச்சுக்கும், ஜன்னல் பக்கம் மட்டும்தான் தூண் வளைய முடியும். ஆடுற நீளம் பாதியானா விறைப்பு எட்டு மடங்கு. விசை அந்தத் தூணைத் தேடி வரும், ஜன்னல் உயரத்துல குறுக்கா வெட்டுன மாதிரி உடையும். ‘குறுந்தூண்’னு எழுதுறாங்க, ஆனா அந்தத் தூண் குட்டையில்ல, சுவர் அதைச் சிறைப்பிடிச்சிருக்கு. ‘சிறைத்தூண்’னு சொல்லலாமே.

– செந்தூல்

*

சிறைத்தூண் அருமை! ஒரு எழுத்தையும் மாத்த மாட்டேன். ஆனா வரைவுல வர்ற ‘பூகம்பம்’ங்கிற சொல்லை எடுத்துட்டு நிலநடுக்கம்னே முழுக்க வைங்க. பூமியும் கம்பமும் வடமொழி.

– பட்டர்வொர்த்

*

ஐயா, மலாய்ல ‘கெம்பா பூமி’ன்னுதான் பிள்ளைங்க படிக்கிறாங்க, பூகம்பம்னா அவங்களுக்கு பூமி சட்டுனு பிடிபடும். தலைப்புல நிலநடுக்கம், உள்ள ஒரே ஒரு இடத்துல பூகம்பம், அது இருக்கட்டும்.

தனியா பதில் போட்டவங்களையும் சேர்த்து ஒன்பது பேர்ல அஞ்சு பேர் ‘நிரப்புச் சுவர்’ங்கிறீங்க, ஒற்றோட அதையே வைக்கிறேன். ‘நெகிழ்தளம்’, ‘சிறைத்தூண்’ ரெண்டும் உறுதி. நிரப்புச் சுவர் முதல்ல வர்ற பக்கத்துல, ‘பொறியாளரைக் கேட்காம இந்தச் சுவரை இடிக்காதீங்க’ன்னு கட்டம் கட்டிப் போடுறேன். அச்சகத்துக்கு அனுப்பியாச்சு.

– பிரிக்பீல்ட்ஸ்

*

கட்டம் போட்டதுக்கு நன்றி தம்பி. ஆனா சொல்லே அதைச் சொல்லியிருந்தா கட்டம் தேவைப்பட்டிருக்காது. எனக்கு இன்னும் அடைசுவர்தான், அடுத்த பதிப்புக்கு முன்னாடி மறுபடியும் எழுதுவேன்.

– செந்தூல்