இமேஜினரி ஆடியன்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

சேலத்திலிருந்து, மொழிபெயர்ப்பவர்:

அனைவருக்கும் வணக்கம். பி.எட். மாணவர்களுக்கான வளரிளம் பருவ உளவியல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல் இழுத்தடிக்கிறது: இமேஜினரி ஆடியன்ஸ், அதாவது எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வளரிளம் பிள்ளைக்கு வரும் நினைப்பு. அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்டு 1967-இல் எழுதிய கட்டுரையில் வருவது. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜேயின் கணக்குப்படி 11, 12 வயதில் அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்று யோசிக்கும் திறன் வருகிறது. ஆனால், தன் மனத்தில் ஓடுவதுதான் அவர் மனத்திலும் ஓடுகிறது என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. தனக்குத் தன் முகப்பரு பெரிய விஷயம் என்றால், ஊருக்கே அது பெரிய விஷயம். வரைவில் "கற்பனை அவை" என்று போட்டிருக்கிறேன். சரியா?

மதுரையிலிருந்து, பள்ளி ஆசிரியர்:

அம்மா, அந்தச் சொல் வகுப்பில் நிற்காது. "அவை" என்றதும் பிள்ளைகள் சுட்டுப்பெயராகத்தான் படிப்பார்கள். "உள் அவை" என்று மாற்றலாமா என்று பார்த்தேன். புணர்ந்தால் "உள்ளவை" ஆகிவிடுகிறது. இல்லாத ஒன்றுக்கு வைத்த பெயர் இருப்பதைச் சொன்னால் எப்படி?

என் 9-ஆம் வகுப்புப் பையன் ஒருவன், முடி வெட்டிக்கொண்ட மறுநாள் பிரேயருக்கு வராமல் சைக்கிள் ஸ்டாண்டிலேயே நின்றான். முன்பக்கம் கொஞ்சம் ஒட்ட வெட்டிவிட்டார்களாம். அவன் கையை எடுத்துக் காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவனுக்கோ 600 பேரும் தன் நெற்றியைப் பார்த்துச் சிரிக்கக் காத்திருப்பதாக நினைப்பு. இப்படிப்பட்ட பையனுக்குப் பாடம் எடுக்கப்போகும் ஆசிரியருக்குப் படித்தவுடன் புரிய வேண்டும். "கற்பனைப் பார்வையாளர்" போதும்.

தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

"கற்பனை" வடசொல். "புனைவு" இருக்க அது எதற்கு? "அவை" என்பதையும் அவ்வளவு எளிதாகத் தள்ள வேண்டாம். வள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரம் வைத்திருக்கிறார். சுட்டுப்பெயரோடு குழம்பும் என்றால், 730-ஆம் குறளில் "களன் அஞ்சி" என்கிறாரே, அந்தக் களனை எடுத்துக்கொள்ளலாம். களன் என்பதற்கு அங்கே அவை என்றே பொருள். ஆகவே என் பரிந்துரை: "புனைகளம்".

சென்னையிலிருந்து, மொழியியல் மாணவர்:

ஐயா, தூய்மை பார்ப்பதென்றால் "அவை"யும் தப்பாது. சமணர் அமணர் ஆனதுபோல, சபை சகரம் உதிர்ந்து அவை ஆனது என்போர் பலர். "களம்" என்றால் இன்று போர்க்களமும் களப்பணியும்தான் நினைவுக்கு வருகின்றன. "புனைகளம்" கதை நடக்கும் இடம்போல் ஒலிக்கிறது. அதைவிட முக்கியமானது ஒன்று. குறள் சொல்லும் அவையில் கற்றவர்கள் உண்மையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும் பையனுக்கு எதிரே யாருமே இல்லை.

தஞ்சாவூரிலிருந்து:

அமணர் எடுத்துக்காட்டை இங்கே கொண்டுவந்து ஒட்டுவதை நான் ஏற்கவில்லை. அவை, அவையம் இரண்டும் சங்க நூல்களிலேயே உண்டு. வேர்ச்சொல் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

கோவையிலிருந்து, மனநல ஆலோசகர்:

பெற்றோரிடம் பேசும்போது நான் கலைச்சொல்லையே தொடுவதில்லை. "உங்க பொண்ணு மனசுக்குள்ள ஒரு நாலு பேர் உட்கார்ந்திருக்காங்க" என்பேன். உடனே தலையாட்டுவார்கள். "அக நால்வர்" என்று வைத்தால் என்ன?

மதுரையிலிருந்து:

சொல் அழகாக இருக்கிறது. ஆனால் "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்பது பெரியவர்கள் பிள்ளைகளை அடக்கச் சொல்வது. அந்த நாலு பேர் ஊரில் நிஜமாகவே இருக்கிறார்கள், பேசவும் செய்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கினால், பிள்ளையின் வளர்ச்சியில் வந்துபோகும் ஒரு படி ஊர்க் கட்டுப்பாட்டோடு கலந்துவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, விரிவுரையாளர்:

வளரிளம் பருவத்தை நாங்கள் இங்கே "கட்டிளமைப் பருவம்" என்றுதான் படிப்பிக்கிறோம். முதலில் அந்தப் பெயரையாவது ஒன்றாக்க முடியுமா என்று பாருங்கோ. மற்றது, பருவத்தின் பெயரை இந்தச் சொல்லோடு ஒட்டிவிடாதீர்கள். பெரியவர்களுக்கும் இந்த எண்ணம் உண்டு. 2000-இல் வெளிவந்த கார்னெல் பல்கலைக்கழக ஆய்வில், கூச்சம் தரும் ஒரு பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். இருந்தவர்களில் பாதிப்பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசி. பதின்ம வயதில் அது உச்சத்தில் இருக்கிறது என்பதுதான் எல்கைண்டின் வாதம்.

சென்னையிலிருந்து:

"கற்பிதப் பார்வையாளர்" என்றால்? இல்லாததை உண்டென்று கொள்வது கற்பிதம்.

கோவையிலிருந்து:

வேண்டாம். கற்பிதம் என்றால் பொய் என்ற வாடை வருகிறது. பார்ப்பவர்கள் இல்லை, ஆனால் அந்தப் பிள்ளை படும் கூச்சம் நிஜம். "சும்மா கற்பனை பண்ணாதே" என்று ஏற்கெனவே வீட்டில் திட்டு வாங்கித்தான் என்னிடம் வருகிறார்கள். கலைச்சொல்லும் அதையே சொல்லக் கூடாது.

சேலத்திலிருந்து:

வியாழன் இரவு ஆகிவிட்டது, அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். மதுரை ஆசிரியர் சொன்ன "கற்பனைப் பார்வையாளர்" என்றே அனுப்புகிறேன். "மனசுக்குள் நாலு பேர்" விளக்கத்தை, ஊர்ப்பேச்சு வேறு இது வேறு என்ற குறிப்போடு பாடத்துக்குள் சேர்த்திருக்கிறேன். அடுத்த அத்தியாயத்தில் பெர்சனல் ஃபேபிள் வருகிறது, "எனக்கெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று வண்டியை முறுக்குகிற நம்பிக்கை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். எல்லோருக்கும் நன்றி.

தஞ்சாவூரிலிருந்து:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். தேர்தல் பார்வையாளர், மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் என்று அந்தச் சொல் ஏற்கெனவே பல இடங்களில் வேலை செய்கிறது. சொல்லடைவில் மாற்றுச்சொல்லாகவாவது "புனைகளம்" இருக்கட்டும். வேர்ச்சொல் மடல் நாளை வரும்.