கோஜுலாஸ் வைத்திருப்பவர்கள் உதவுங்களேன்

ஜப்பானின் டோமி கம்பெனி 1983-ல் இறக்கிய ஜோய்ட்ஸ் (பாகங்களை நாமே பொருத்திச் செய்யும் விலங்கு ரோபோ பொம்மைகள்) வரிசை ஞாபகம் இருக்கா? அதில் 1984-ல் வந்த டைனோசர், கோஜுலாஸ். பெட்டி, கையேடு எதுவும் இல்லாமல் ஒன்று செகண்ட்ஹேண்டில் கிடைத்தது. பேட்டரி போட்டால் வாய் திறந்து மூடுது, வலது கால் எடுத்து வைக்குது. இடது கால் அசையவே இல்லை, உள்ளே கடகடன்னு சத்தம் மட்டும். பல்சக்கரம் தேய்ந்திருக்குமோ? பசையே இல்லாத கிட் என்பதால் பிரிப்பது சுலபம்தான் (அதுதான் இதன் அழகே), ஆனால் அச்சு முனையில் மாட்டும் ரப்பர் மூடிகள் காய்ந்து வெடிச்சிருக்கு. மாற்று மூடி எங்கே கிடைக்கும்? இன்னொன்று: 1999-ல் ஜோய்ட்ஸ் அனிமே (ஜப்பானிய கார்ட்டூன் தொடர்) வந்தபோது அதோடு பழைய மாடல்களை மறுபடி விட்டார்களே, இது அதுவா, அசல் 1984-ஆ? எதை வைத்துக் கண்டுபிடிப்பது?