வீட்டு மடிக்கணினிக்கு விண்டோஸ் டிஃபெண்டர் போதுமா, தனி ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா?

மருதநிழல்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மடிக்கணினியில் விண்டோஸ் 11 இயங்குகிறது. வாங்கியபோதே அதில் இருந்த ஓர் ஆன்டிவைரஸின் சோதனைக் காலம் முடிந்துவிட்டதால், பணம் கட்டச் சொல்லி ஓயாமல் அறிவிப்பு வருகிறது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை நம்பக் கூடாது, ஆண்டுச் சந்தாவில் ஒன்றை வாங்கியே தீர வேண்டும் என்கிறார் கணினிக் கடைக்காரர். உடன் பணிபுரியும் நண்பரோ எல்லாவற்றையும் நீக்கிவிடச் சொல்கிறார். வங்கிப் பரிமாற்றம், வருமான வரிக் கணக்குத் தாக்கல் எல்லாம் இதில்தான் செய்கிறேன். மகள் கல்லூரிப் பணிகளை அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவ் கொண்டுபோய் வருகிறாள். யார் சொல்வது சரி என்று காரணத்தோடு விளக்க வேண்டுகிறேன்.

கணியன்வழி:
வணக்கம். கடைக்காரர் சொல்வது ஒரு காலத்தில் உண்மைதான். இன்றைய டிஃபெண்டரின் முன்னோடியாக மைக்ரோசாஃப்ட் 2009-இல் இலவசமாக வெளியிட்ட செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற ஆன்டிவைரஸ், 2012-இன் இறுதியில் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகத்தின் சான்றிதழையே இழந்தது. அன்று ஏற்பட்ட கெட்ட பெயர் இன்னும் நீங்கவில்லை. ஆனால் இன்றைய டிஃபெண்டர், அதே ஆய்வகம் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை என்று பிரித்து நடத்தும் சோதனைகளில், அண்மை ஆண்டுகளில் ஆறுக்கு ஆறோ அதை ஒட்டியோ மதிப்பெண் பெற்று வருகிறது.

ஆன்டிவைரஸ் கணினிக்குள் மிக உயர்ந்த அதிகாரத்தோடு இயங்கும் மென்பொருள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளே வரும் ஒவ்வொரு கோப்பையும் அது பிரித்துப் பார்ப்பதால், அதிலேயே ஓட்டை இருந்தால் கோப்பை நீங்கள் திறக்காமலே தாக்குதல் நடந்துவிடலாம். மென்பொருள் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழு 2016-இல் சைமன்டெக், நார்ட்டன் ஆன்டிவைரஸ்களிலும், 2017-இல் டிஃபெண்டரிலும் இத்தகைய ஓட்டைகளைக் கண்டுபிடித்தது. எவரும் இதற்கு விலக்கல்லர் என்றாலும், இன்னொரு நிறுவனத்தை உள்ளே விடும்போது நாம் நம்ப வேண்டியவர்களின் எண்ணிக்கை கூடுகிறது. பயனர்களின் உலாவல் விவரங்களைத் துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக ஆன்டிவைரஸ் நிறுவனமான அவாஸ்ட் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024-இல் அறிவித்ததை மறக்க முடியாது.

எனவே அந்தச் சோதனைப் பதிப்பை முழுவதுமாக நீக்கிக் கணினியை மறுபடி தொடங்குங்கள். வேறு ஆன்டிவைரஸ் இருக்கும்போது டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும்; அது போன பின் தானாகவே பொறுப்பேற்கும். ஆயினும் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, எப்போதும் காவல் காக்கும் ரியல்-டைம் ப்ரொடெக்‌ஷனும் பிற நிரல்கள் அதை அணைக்காமல் தடுக்கும் டேம்பர் ப்ரொடெக்‌ஷனும் இயங்குகின்றனவா என்று நீங்களே பார்த்துவிடுவது நல்லது. கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரேன்சம்வேரைத் தடுக்கும் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் வசதி தொடக்கத்தில் அணைந்தே இருக்கும், அதையும் இயக்குங்கள். டிஃபெண்டர் முதன்மைக் காவலாக இருந்தால்தான் அது வேலை செய்யும் என்பதும் என் பரிந்துரைக்கு ஒரு காரணம்.

வடகரை:
மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆனால் பென் டிரைவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, இந்த வீட்டின் பெரிய ஆபத்து அதுதான். டிஃபெண்டரின் வலிமையில் பெரும்பங்கு இணையம் வழியே அணுகும் மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையிலிருந்து வருகிறது. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரடிவ்ஸ் ஆய்வகம் இணையம் இருக்கும்போதும் இல்லாதபோதும் கண்டறியும் திறனைத் தனித்தனியே வெளியிடுகிறது. இணையம் இல்லாதபோது டிஃபெண்டர், பிட்டிஃபெண்டர் போன்ற வேறு ஆன்டிவைரஸ்களைவிட வெகுவாகப் பின்தங்குவதை அந்த அறிக்கைகளில் காணலாம். அத்துடன், செருகியவுடன் பென் டிரைவ் முழுவதையும் அது தானாக ஆராய்வதில்லை, கோப்பைத் திறக்கும்போதுதான் பார்க்கும். சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்றவற்றில் செருகியவுடன் ஆராயும் வசதி உண்டு. இணையம் அடிக்கடி துண்டிக்கப்படும் வீடு என்றால் சந்தாவுக்குச் செலவழிப்பது வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

மருதநிழல்:
இருவருக்கும் நன்றி. எங்கள் வீட்டில் இணையம் எப்போதும் இருக்கிறது. ஆகவே டிஃபெண்டரோடு இருக்கலாம் என்று நினைக்கிறேன். இன்னொரு ஐயம்: அப்பாவின் பழைய கணினியில் விண்டோஸ் 10 உள்ளது, அது 11-ஐ ஏற்காது. அதற்காவது தனி ஆன்டிவைரஸ் வாங்கலாமா?

கணியன்வழி:
பென் டிரைவைப் பற்றி வடகரை சொன்னது சரி. செருகியதும் அதன் மேல் வலது சொடுக்கு செய்து டிஃபெண்டரால் ஆராய்ந்த பிறகே திறக்கும்படி மகளிடம் சொல்லுங்கள்.

அப்பாவின் கணினிக்கு ஆன்டிவைரஸ் வாங்குவது தீர்வாகாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதில் டிஃபெண்டர் புதிய வைரஸ்களை அடையாளம் காண உதவும் விவரங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. வராமல் போவது விண்டோஸின் ஓட்டைகளை அடைக்கும் புதுப்பிப்புதான். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியபோது, அதற்கான புதுப்பிப்பு மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. அதை நிறுவாத கணினிகளே பெருமளவில் சிக்கின. ஆகவே 2026 அக்டோபர் வரைக்கென அறிவிக்கப்பட்ட கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில், அமைப்புகளில் உள்ள விண்டோஸ் அப்டேட் பக்கம் வழியாக அப்பாவின் கணினியைச் சேர்த்துவிடுங்கள். அதற்குள் மாற்றுக் கணினி வாங்க முடியாவிட்டால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவித் தரலாம். எப்படியாயினும் வங்கிப் பரிமாற்றத்தை மட்டும் உங்கள் மடிக்கணினியிலேயே செய்யச் சொல்லுங்கள்.