தாத்தா 80 ஏற்பாடு (தாத்தாவைச் சேர்க்காதீர்கள்)

கார்த்தி: பெட்டி வந்துவிட்டது. ஆனால் ஒரு பிரச்சினை
கார்த்தி: [3 படங்கள்]

உஷா அத்தை: என்ன பெட்டி? பட்சணமா?

கார்த்தி: கேமரா அத்தை. சொன்னேனே. யாஷிகா மேட் 124ஜி. தாத்தா கடையில் வைத்திருந்த அதே மாடல்

உஷா அத்தை: ஐயோ, ஏன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது

கார்த்தி: மேல் மூடி வளைந்துவிட்டது, சாத்த முடியவில்லை. உள்ளே குனிந்து பார்க்கிற கண்ணாடியில் குறுக்கே விரிசல். குலுக்கினால் கடகடவென்கிறது

திவ்யா: குலுக்காதே!!

அம்மா: எவ்வளவு கொடுத்தாய்

கார்த்தி: அப்புறம் சொல்கிறேன் அம்மா

அம்மா: பக்கத்து அறையில்தான் இருக்கிறேன். இப்போதே சொல்

கார்த்தி: 18,500

சுரேஷ் மாமா: வேன் 17 சீட்டா 21 சீட்டா? டிரைவர் இன்றைக்குள் சொல்லச் சொல்கிறார்

ராமு பெரியப்பா: கார்த்தி, பதறாதே. 34 வருஷம் தபால் துறையில் இருந்தவன் சொல்கிறேன். முதலில் அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதே. ஆறு பக்கமும் படம் எடு. மேலே ஒட்டிய சீட்டு, அதில் போட்டிருக்கும் எடை, உள்ளே எதை வைத்து அடைத்திருந்தார்கள், எல்லாம் வேண்டும். கூரியர்காரர் "கட்டினது சரியில்லை" என்பார். விற்றவர் "கூரியரில் போட்டுவிட்டார்கள்" என்பார். நீ நடுவில் நிற்பாய். பெட்டியின் மூலையைப் பார். நசுங்கியிருந்தால் வழியில் விழுந்திருக்கிறது. மூலை நன்றாக இருந்து உள்ளே மட்டும் உடைந்திருந்தால் கட்டியவர்மேல்தான் முதல் சந்தேகம். பெட்டிக்குள் பெட்டி வைத்து, நடுவில் நாலு பக்கமும் இரண்டு விரல் கனத்துக்காவது அடைத்திருக்க வேண்டும்.

கார்த்தி: மூலையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே ஒரே ஒரு சுற்று நியூஸ் பேப்பர்

ராமு பெரியப்பா: அப்போது விற்றவர்தான். பிரிக்கும்போது வீடியோ எடுத்தாயா?

கார்த்தி: பாதி

திவ்யா: பாதியா

கார்த்தி: ஒரு கையில் போன், ஒரு கையில் கத்தி. டேப்பை உரிக்க யார் வருவார்கள்

மணி சித்தப்பா: ஒரு பழைய பொருளுக்கு இவ்வளவு அமளியா

உஷா அத்தை: நீ பேசாதே மணி

மணி சித்தப்பா: நான் என்ன சொல்லிவிட்டேன்

உஷா அத்தை: 91. கொடைக்கானல் டூர்

மணி சித்தப்பா: பஸ்ஸில் திருட்டுப் போனது அக்கா. நூறு தடவை சொல்லியாகிவிட்டது

உஷா அத்தை: திருட்டுப் போனது அப்பாவின் கேமரா. அடுத்த மாதம் உன் கையில் புது வாட்ச்

அம்மா: வேண்டாம், இங்கே வேண்டாம்

சுரேஷ் மாமா: கும்பகோணத்தில் 4 மணிக்குக் கிளம்பினால் 6-க்குள் திருக்கடையூர். 17 என்றால் குழந்தைகள் மடியில்

திவ்யா: கார்த்தி, பின் மூடியைத் திற. ஷட்டரை பி-யில் வைத்து அழுத்திப் பிடி, விடும்வரை திறந்தே இருக்கும். லென்ஸ் வழியாக ஜன்னல் தெரிகிறதா?

கார்த்தி: தெரிகிறது. வட்டமாக

திவ்யா: பூஞ்சை?

கார்த்தி: ஓரத்தில் ஒரு நூல் மாதிரி. அது முன்னாடியே இருந்திருக்கும்

திவ்யா: சரி. படம் பிடிப்பது கீழ் லென்ஸ்தான், மேல் லென்ஸ் பார்ப்பதற்கு மட்டும். உன்னுடையதில் மேல் வீடுதான் இடிந்திருக்கிறது. இப்போது ஃபோகஸ் திருகைத் திருப்பி, இரண்டு லென்ஸும் இருக்கிற முன்பலகையை முழுக்க வெளியே கொண்டுவா. உடலுக்கும் பலகைக்கும் நடுவில் நாலு மூலையிலும் அள. விழுந்த கேமராவில் அது கோணியிருந்தால் ஒரு பக்கம் மசங்கும்

கார்த்தி: அம்மாவின் தையல் டேப்தான் இருக்கிறது. மேலே இரண்டும் சமம். கீழே வலது பக்கம் ஒரு மில்லி கூட மாதிரி

ராமு பெரியப்பா: "மாதிரி" என்று புகாரில் எழுத முடியாது. ஸ்கேல் வாங்கு. விற்றது கடையா, தனி ஆளா? கடை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உன் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷம் அவகாசம். தனி ஆள் என்றால் தன்மையாகப் பேசித்தான் வாங்க வேண்டும்.

கார்த்தி: தனி ஆள்தான் பெரியப்பா. கோயம்புத்தூர். அவர் அப்பாவுடைய கேமராவாம்

உஷா அத்தை: அப்பா கேமராவை விற்கிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு போல

மணி சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

திவ்யா: நான் படித்துவிட்டேன் மாமா

அம்மா: அவர் என்ன சொல்கிறார்

கார்த்தி: 2,000 திருப்பித் தருகிறாராம். இல்லையென்றால் கேமராவை அனுப்பு, முழுப் பணமும் தருகிறேன், கூரியர் செலவு உன்னுடையது என்கிறார். நாளை சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும்

ராமு பெரியப்பா: வாயால் சொன்னாரா, எழுதினாரா?

கார்த்தி: குரல் செய்தி

ராமு பெரியப்பா: அதை அழிக்காதே. எழுத்திலும் கேள்.

அம்மா: திருப்பி அனுப்பு. உடைந்ததைக் கொடுத்தா நமஸ்காரம் செய்வாய்

திவ்யா: அனுப்பினால் 23-ஆம் தேதிக்குள் வேறு கிடைக்காது. இதை 86-லேயே நிறுத்திவிட்டார்கள். அந்தக் கண்ணாடிகூட உடைந்த இன்னொரு கேமராவிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்

சுரேஷ் மாமா: பேட்டரி போட்டுப் பார்த்தாயா

திவ்யா: அதற்கான பாதரச பேட்டரியே இப்போது வருவதில்லை அப்பா. அது வெளிச்சம் அளக்கிற மீட்டருக்கு மட்டும். மீட்டர் இல்லாமலே ஓடும்

உஷா அத்தை: எங்கள் அப்பா மீட்டரை எங்கே பார்த்தார். வாசலுக்குப் போய் வெயிலைப் பார்ப்பார், அவ்வளவுதான்

மணி சித்தப்பா: கார்த்தி, மூடி, கண்ணாடி, அந்தக் கோணல், மூன்றும் சேர்த்து ரிப்பேருக்கு எவ்வளவு என்று கேள். நான் தருகிறேன்

உஷா அத்தை: 91-இலிருந்து வட்டியோடா

மணி சித்தப்பா: வாட்சை விற்றுத் தருகிறேன், போதுமா

உஷா அத்தை: அது இன்னும் ஓடுகிறதா?

மணி சித்தப்பா: ஓடுகிறது

ராமு பெரியப்பா: 5,000 திருப்பிக் கேள், 4,000-க்கு வருவார். ரிப்பேர் செலவை எழுதி வாங்கி அவருக்கு அனுப்பு. அதற்கு முன் எதற்கும் சரி என்று சொல்லிவிடாதே. சொன்னால் பேச்சு முடிந்தது.

கார்த்தி: 2,000 வரட்டும் என்று காலையிலேயே ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டேன்

ராமு பெரியப்பா: எடு அதை.

கார்த்தி: நீலக் குறி விழுந்துவிட்டது

அம்மா: கார்த்தி, அதை அழுத்துவதை நிறுத்து. தாத்தா திண்ணையிலிருந்து கேட்கிறார், யாரது ஷட்டரை ஒரு செகண்டில் வைத்து அழுத்துவது என்று

திவ்யா: ஐயய்யோ

கார்த்தி: மிக்ஸி என்று சொல்லுங்கள்

அம்மா: மிக்ஸியா. எழுந்து வருகிறார்

சுரேஷ் மாமா: 17-ஆ 21-ஆ? டிரைவர் லைனில் இருக்கிறார்